சோழமண்டலச் சீட்டியும் ஒட்டுத்துணிப் போர்வையும்

வரலாறு என்றவுடன் அரண்மனையும் போர்க்களமும் கல்வெட்டும் செப்பேடும் நம் நினைவுக்கு வருகின்றன. கிழிந்த புடவைக்கும் வரலாறு உண்டோ என்று எவரேனும் வினவினால் நாம் நகைப்போம். ஆயினும், கல்லும் செம்பும் அரசர்தம் பெயரைக் காத்தது போலவே, துணித் துண்டுகள் எளிய மக்களின் உழைப்பைக் காத்து வந்துள்ளன. அவற்றைப் படிக்கத் தெரிந்துகொண்டால், நம் தமிழகக் கடற்கரையின் ஒரு பெருங்கதை அவற்றுள் மடிந்து கிடப்பதைக் காணலாம்.

நாம் குடியேறி வாழும் இவ்வடபுலத்தில் ஐப்பசி கழிந்ததும் வீட்டு மாடிகளில் ரஜாய்கள் வெயிலில் காயத் தொடங்குகின்றன. ஏறத்தாழ இதே பருவத்தில் அமெரிக்காவிலும் இங்கிலாந்திலும் மரங்கள் இலையுதிர்க்கின்றன. இலையிலுள்ள பச்சையம் சிதைய, அதுவரை மறைந்திருந்த மஞ்சள் வெளிப்படுகிறது. சில மரங்களில் செந்நிறமும் புதிதாய் ஊறுகிறது. அக்காட்சியை ஊசியும் நூலும் கொண்டு சுவர்ச்சீலையாக அமைப்பது அந்நாட்டுப் பெண்கள் பலர் போற்றும் கைத்தொழில். சிறு சிறு சதுரத் துண்டுகளை இணைத்து, மஞ்சள் எங்கே முடிந்தது, சிவப்பு எங்கே தொடங்கியது என்று அறியாவண்ணம் பின்னணியைத் தைப்பர். அதன்மேல் மேப்பிள் இலைகளைப் பதிப்பர். இக்கலைக்கும் நமக்கும் என்ன தொடர்பு என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

வயலைப் பார்த்துத் தைத்த ஆடை

துண்டுத் துணிகளை இணைத்து ஆடை செய்தல் மிகப் பழைய வழக்கம். புத்த பெருமான் ஒருகால் மகத நாட்டு வழியே சென்றபோது, வரப்புகளால் பகுக்கப்பட்டு வரிசை வரிசையாய்க் கிடந்த வயல்களைக் கண்டு, துறவியர் ஆடையை அவ்வாறே அமைக்க இயலுமோ என்று ஆனந்தரை வினவினார் என்றும், ஆனந்தர் அங்ஙனமே தைத்துக் காட்டினார் என்றும் விநய பிடகம் கூறுகிறது. துண்டாக்கிய துணிக்கு விலை மதிப்புக் குறைவு, கள்வர் விரும்பார், துறவிக்கும் பற்று எழாது. பயன் கருதித் தோன்றிய அவ்வாடையே பின்னர் ஒரு சமயத்தின் அடையாளமாயிற்று.

சீன எல்லையிலுள்ள துன்ஹுவாங் குகைகளை 1907-இல் ஆராய்ந்த ஆரல் ஸ்டைன், அங்குக் கண்டெடுத்த பொருள்களுள் பட்டுத் துண்டுகளாலான சீலை ஒன்றும் உண்டு. எட்டு அல்லது ஒன்பதாம் நூற்றாண்டினது எனக் கருதப்படும் அது, இன்று லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ளது. வழிபடுவோர் கொணர்ந்த பல்வேறு பட்டுகள் ஒரே சீலையில் அருகருகே அமர்ந்திருக்கின்றன.

நம் நாட்டில் இம்மரபு பல பெயர்களுடன் வாழ்கிறது. வங்காளத்தில் கந்தா; மராட்டியத்தில் கோதடி; சிந்துப் பகுதியிலும் கட்ச்சிலும் ரல்லி. வடமொழியின் 'கந்தா'வும் நம் 'கந்தை'யும் ஒரு சொல்லே என்பர். கந்தையானாலும் கசக்கிக் கட்டவேண்டும் என்னும் பழமொழியோடு நாம் நிறுத்திக்கொண்டோம். வங்கத் தாய்மாரோ கந்தையைக் காவியமாக்கினர். பழம் புடவைகளையும் வேட்டிகளையும் அடுக்கி, புடவைக் கரையிலிருந்து உருவிய வண்ண நூலால் ஓட்டுத் தையல் இட்டுத் தாமரையும் தேரும் யானையும் வரைந்தனர். குருசதய தத்தர் ஊர் ஊராகச் சென்று திரட்டிய தொகுப்பில், மானதாசுந்தரி என்னும் பெண்மணி தம் தந்தைக்காகத் தைத்து, தம் பெயரையும் ஊசியாலேயே எழுதிவைத்த கந்தா ஒன்று புகழ்பெற்றது.

வடகன்னட மாவட்டத்துக் காடுகளில் வாழும் சித்தியர், போர்த்துகீசியரால் கோவாவுக்குக் கொணரப்பட்ட ஆப்பிரிக்கர்களின் வழிவந்தோர். அவர்தம் பெண்கள் தைக்கும் 'கவந்தி'யைத் துணியின் ஓரத்தில் தொடங்கி நடுவை நோக்கித் தைத்துச் செல்வர். நான்கு மூலைகளிலும் 'பூ' எனப்படும் சிறு மடிப்புத் துண்டுகளை வைத்த பின்னரே போர்வை முழுமை பெறும். நம் தமிழகத்திலோ இத்திறன் படுக்கையை விட்டுக் கோயிலைச் சேர்ந்தது. தேரை அணிசெய்யும் தொம்பைகளும் தோரணத் துணிகளும், ஒரு நிறத் துணியை வெட்டி மற்றொரு நிறத் துணிமேல் வைத்துத் தைக்கும் அவ்வேலையே அல்லவா?

ஒரு வேரிலிருந்து பல நிறம்

இனி நம் கடற்கரைக்கு வருவோம். மசூலிப்பட்டினம் முதல் நாகப்பட்டினம் வரை நீண்ட சோழமண்டலக் கரையின் பருத்தித் துணியே ஐரோப்பியக் கம்பெனிகளை ஈர்த்த பெருஞ்செல்வம். 1639-இல் ஆங்கிலேயர் சென்னைக் கடற்கரையில் இடம் பெற்றதற்கும் இப்பகுதித் துணி வாணிகமே தலையாய காரணம். அத்துணிகளுள் எழுதுகோலால் வண்ணம் தீட்டிய சீட்டித்துணி உலகப் புகழ் பெற்றது. தோய்த்தாலும் துவைத்தாலும் மங்காத நிறத்தை ஐரோப்பியர் அதற்குமுன் பருத்தியில் கண்டதில்லை.

அதன் மறை பொருளை அறியப் பலர் முயன்றனர். பொல்யே என்னும் பிரெஞ்சுக் கடற்படை அலுவலர் 1734-ஆம் ஆண்டளவில் புதுச்சேரியில் சீட்டி எழுதும் முறையைக் கண்டு எழுதியதோடு, வேலையின் ஒவ்வொரு படியிலும் எடுத்த துணித் துண்டுகளைக் குறிப்போடு இணைத்துப் பாரிசுக்கு அனுப்பினார். கேர்தூ என்னும் ஏசு சபைத் துறவி 1742-இல் இம்முறையை விரித்து மடல் வரைந்தார். வடமொழிக்கும் கிரேக்க லத்தீன் மொழிகளுக்கும் உள்ள உறவைப் பிற்காலத்தில் எடுத்துக் கூறிய அறிஞரும் இவரே.

அவர்கள் கண்டது இது. துணியை வெளுத்து, கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த நீரில் தோய்த்து உலர்த்துவர். பாலின் கொழுப்பு வண்ணம் பரவாமல் தடுக்கும். கருங்கோடுகளுக்கு இரும்பை ஊறவைத்த புளித்த நீர்; செந்நிறம் வேண்டிய இடங்களுக்குப் படிகார நீர். பின்னர்ச் சாயவேர் இட்ட கொப்பரையில் துணியைக் காய்ச்சுவர். படிகாரம் பட்ட இடம் மட்டும் சிவப்பைப் பற்றிக்கொள்ளும். மற்ற இடத்துக் கறை சாணநீரிலும் வெயிலிலும் வெளுத்துப்போகும். நீலம் வேண்டின் ஏனைய இடமெல்லாம் மெழுகு பூசி அவுரித் தொட்டியில் அமிழ்த்துவர். நீலத்தின்மேல் மஞ்சளைத் தீட்டினால் பச்சை.

ஈண்டு ஒன்றைக் கருத வேண்டும். படிகாரத்தின் வலிமையைக் கூட்டியும் குறைத்தும் அடர் சிவப்பையும் இளஞ்சிவப்பையும் பெறலாம். படிகாரத்தோடு இரும்பு நீரைச் சிறிது சேர்த்தால் சிவப்பு மாந்தளிர் நிறமாகும்; மேலும் சேர்த்தால் ஊதாவும் பழுப்பும் ஆகும். உதிர்காலத்து மரமொன்றில் காணும் செந்நிற வகைகள் பலவும், நம் கடற்கரை மணலிலும் இலங்கையின் வட பகுதியிலும் விளைந்த ஒரு மெல்லிய வேரிலிருந்து பிறந்தன. நிறத்தை நிறத்தோடு குழைக்கும் கலையில் நம் முன்னோர் எய்திய தேர்ச்சிக்கு வேறு சான்று வேண்டுமோ?

தடைச்சட்டமும் துண்டுத்துணியும்

இச்சீட்டிகள் கட்டில் விரிப்பாகவும் திரைச்சீலையாகவும் ஐரோப்பிய மாளிகைகளில் இடம் பெற்றன. கட்டில் விரிப்பைக் குறிக்கும் 'பலங்போஷ்' என்னும் சொல் ஆங்கிலேயர் நாவில் 'பாலம்போர்' எனத் திரிந்து, பூமரம் எழுதிய பெருஞ்சீலைக்குப் பெயராயிற்று. அந்நாட்டு நெசவாளர் தம் பிழைப்புக்கு இடர் வந்ததென முறையிட்டனர். பிரான்சு 1686-இல் சீட்டிக்குத் தடை விதித்தது. அத்தடை 1759 வரை நீடித்தது. இங்கிலாந்தில் 1700-இல் இயற்றிய சட்டம், வண்ணம் தீட்டிய இந்தியத் துணியை உள்நாட்டு உடைக்கும் அணிக்கும் இறக்குமதி செய்வதை விலக்கியது. 1719-இல் லண்டன் நெசவாளர் கலகம் செய்து, சீட்டி உடுத்துத் தெருவில் சென்ற பெண்களின் ஆடைகளைக் கிழித்தனர்; மை ஊற்றினர். 1721-இல் இயற்றிய மற்றொரு சட்டம் சீட்டியை உடுத்துவதையே பெரும்பாலும் குற்றமாக்கியது. 1774-இல் இத்தடை நீங்கியது. அதுவும் பிரிட்டனிலேயே நெய்த பருத்தித் துணிக்கு மட்டுமே.

அரிதாகிவிட்ட பொருளின் சிறு துண்டும் போற்றப்படுவது இயல்பு. இங்கிலாந்தின் வடமேற்கிலுள்ள லீவன்ஸ் மாளிகையில், 1708-ஆம் ஆண்டளவில் தைத்த கட்டில் திரைகளும் போர்வையும் இன்றும் உள்ளன. இந்தியச் சீட்டித் துண்டுகளைப் பல வடிவங்களில் வெட்டி இணைத்தவை அவை. ஆங்கில நாட்டில் எஞ்சியுள்ள ஒட்டுத்துணி வேலைகளுள் மிகப் பழையவற்றுள் ஒன்றாக அறிஞர் அதனைக் கருதுவர். ஆண்டு பொறித்த ஆங்கிலப் போர்வைகளுள் பழையதெனக் கூறப்படும் பட்டுப் போர்வையிலோ 1718 என்னும் ஆண்டோடு, பெயரின் முதலெழுத்துகள் இரண்டும் காணப்படுகின்றன. தைத்தவர் அல்லது உடையவர் யாரென ஓரளவேனும் சொல்ல அவ்விரண்டு எழுத்துகள் இருக்கின்றன. சீட்டி எழுதிய நம் நாட்டுக் கைவினைஞரைக் குறிக்க ஓர் எழுத்தும் இல்லை. துணி கப்பலேறிற்று; பெயர் கரையிலேயே நின்றுவிட்டது.

அவர்தம் தொழிலும் நெடுங்காலம் நிற்கவில்லை. இயந்திர அச்சு ஒருபுறம் நெருக்க, 1868-இல் கிரேபே, லீபர்மன் என்னும் ஜெர்மானிய வேதியியலார் இருவர் சிவப்புச் சாயத்தின் உயிர்ப்பொருளான அலிசரினை ஆய்வுக்கூடத்தில் ஆக்கினர். மறு ஆண்டே அதனைத் தொழில்முறையில் செய்யவும் வழி பிறந்தது. அதன்பின் சாயவேருக்கு ஏது விலை? வேர் தோண்டியோரும் காய்ச்சியோரும் எழுதியோரும் மெல்ல மெல்ல வேறு பிழைப்புத் தேடினர்.

கடல் கடந்த கலை

அட்லாண்டிக் கடலைக் கடந்த குடியேறிகள் இக்கலையையும் உடன் கொண்டு சென்றனர். பதினெட்டாம் நூற்றாண்டின் பிற்பகுதியிலும் அடுத்த நூற்றாண்டின் முற்பகுதியிலும் அமெரிக்கச் செல்வர் வீட்டுப் பெண்கள், சீட்டியிலுள்ள பூவையும் பறவையையும் கத்தரித்து வெள்ளைத் துணியில் வைத்துத் தைத்தனர். ஒரு சீட்டியைக் கொண்டு பெரும் போர்வை முழுவதையும் அணிசெய்யும் சிக்கன வழி அது. பின்னர் உள்நாட்டு ஆலைத்துணி மலிந்தபோது, சதுரமும் முக்கோணமுமாக வெட்டி இணைக்கும் வடிவங்கள் பெருகின.

வறியோர் வீடுகளில் இக்கலை வேறொரு உயரம் பெற்றது. அலபாமா மாநிலத்தில் கீஸ் பெண்ட் என்பது, அடிமைகளாக வாழ்ந்த கறுப்பின மக்களின் வழித்தோன்றல்கள் வாழும் சிற்றூர். அவ்வூரில் மிசௌரி பெட்வே என்னும் பெண்மணி, 1942-இல் தம் கணவர் மறைந்தபின், அவர் வயலில் உழைத்தபோது அணிந்த உடைகளைப் பிரித்து ஒரு போர்வை தைத்தார். வெளுத்த நீலமும் மண்ணேறிய பழுப்பும் அதில் அருகருகே நிற்கின்றன. கணவரை நினைந்து அதன்கீழ் உறங்குதற்காகவே அவர் அதனைத் தைத்ததாக மகள் பின்னர்க் கூறினார். 1971-இல் நியூயார்க்கு விட்னி அருங்காட்சியகம் ஒட்டுத்துணிப் போர்வைகளை ஓவியங்களைப் போலச் சுவரில் தொங்கவிட்டுக் கண்காட்சி நடத்தியது. 2002-இல் கீஸ் பெண்ட் பெண்களின் போர்வைகளும் அவ்வரங்கை அடைந்தன. படுக்கைக்குரிய பொருள் சுவருக்குரிய கலையாக ஏற்றம் பெற்ற வரலாறு இது.

நிறம் குழைக்கும் முறை

நிறங்கள் ஒன்றில் ஒன்று கரையத் தைக்கும் முறை அண்மைக் காலத்தது. இங்கிலாந்தைச் சேர்ந்த டீர்ட்ரி ஆம்ஸ்டன் என்னும் கலைஞர் 1980-களில் இதனை வளர்த்தார். நீர்வண்ண ஓவியத்தை ஒத்த இம்முறை 1990-களில் அமெரிக்காவிலும் பரவியது. ஆயின் இதன் அடிப்படை அறிவியல் பழையது. பாரிசில் கோபலன் திரைச்சீலைத் தொழிற்கூடத்தின் சாயப் பிரிவுக்கு 1824-இல் தலைவரான செவ்ரல் என்பாரிடம், அங்குத் தோய்த்த கறுப்பு நூல் சோபிக்கவில்லை என்று குறை கூறினர். அவர் ஆராய்ந்து, குறை சாயத்தில் இல்லை, அந்நூலின் அருகே நெய்த நிறங்களில் உள்ளது என்று கண்டார். ஒரு நிறத்தின் தோற்றம் அதன் அண்டை நிறத்தால் மாறும் என்பதை 1839-இல் நூலாக வெளியிட்டார்.

செய்முறையும் கடினமன்று. பூவும் கொடியுமாகப் பல நிறம் விரவிய பருத்தித் துணிகளைத் தேர்ந்து, துவைத்து உலர்த்தி, 2 அங்குலச் சதுரங்களாக வெட்டுக. நாற்புறமும் கால் அங்குலம் தையலுக்குள் மறைய, ஒன்றரை அங்குலம் எஞ்சும். 36 அங்குலச் சதுரச் சீலைக்கு வரிசைக்கு 24 துண்டுகளாக 24 வரிசைகள், ஆக 576 துண்டுகள் வேண்டும். இவற்றை முதலில் நிறத்தால் பிரிக்காமல் வெளிர்மை, அடர்மை நோக்கிப் பிரிக்க வேண்டும். கண்ணைச் சற்றே இடுக்கிப் பார்த்தால் நிறம் மறைந்து ஒளியும் நிழலும் மட்டும் புலப்படும்.

பின்னர்ச் சுவரில் கம்பளித் துணியொன்றை விரித்து, அதன்மேல் துண்டுகளை ஒட்ட வைத்து அடுக்குக. மேலே வெளிர் பொன்னிறம், அதன்கீழ் மஞ்சள், பிறகு காவி, செம்மை, அடியில் மண்ணின் பழுப்பு. இரு நிறங்கள் சந்திக்கும் இடத்தில் அவ்விரண்டும் கலந்த பூத்துணியை வைத்தால் எல்லைக்கோடு மறையும். ஒரு துண்டு துள்ளித் தெரிந்தால் அதனைப் புரட்டி மறுபுறத்தைக் காட்டலாம். அப்புறம் சற்று மங்கலாய் இருக்கும். பத்தடி தள்ளி நின்று பார்த்து, இரண்டொரு நாள் மாற்றி மாற்றி வைத்து, மனம் நிறைந்த பின்னரே வரிசை வரிசையாகத் தைக்க வேண்டும். ஒரு வரிசையின் தையல் ஓரங்களை இடப்புறமும் அடுத்ததை வலப்புறமும் மடித்துத் தேய்த்தால் மூலைகள் பிசகாமல் பொருந்தும். முடிவில் இலைகளை மேலே பதித்து, உள்ளே மெல்லிய பஞ்சுப் படலமும் பின்னே உட்துணியும் வைத்து, மூன்றும் சேர ஓட்டுத் தையல் இடுதல் முறை.

நாம் செய்ய வேண்டுவது

இவ்வரலாற்றைப் படித்துவிட்டு நம் முன்னோர் பெருமை பேசி அமைவது எளிது. நம் இல்லங்களில் நடப்பதையும் சற்று எண்ணிப் பார்த்தல் வேண்டும். பாட்டி கட்டிய சுங்குடியும், அன்னையின் கோயம்புத்தூர்ப் பருத்தியும், மணநாளில் உடுத்த காஞ்சிப் பட்டும் பெட்டியில் மடிந்து கிடக்கின்றன. ஒருநாள் பழம் புடவைக்குப் பாத்திரம் விற்பவர் காலனி வாயிலில் குரல் கொடுக்கிறார். நான்கு புடவை உள்ளிருந்து செல்கிறது. ஓர் எவர்சில்வர் அடுக்கு வீட்டுக்குள் வருகிறது. பாத்திரம் வேண்டியதுதான், அதனைக் குறைகூற நாம் வரவில்லை. வாங்கிச் செல்வோரும் உழைத்துப் பிழைப்போரே. ஆனால் புடவையோடு அதனை உடுத்தவரின் கதையும் வீட்டை விட்டுப் போகின்றது. ஊரை விட்டு ஆயிரம் கல் தொலைவில் பிறந்து வளரும் நம் பிள்ளைகளுக்குப் பாட்டியை அறிமுகப்படுத்த ஒரு நிழற்படமும் சில சொற்களுமே எஞ்சுகின்றன.

ஆகவே நம் சங்கத்துத் தாய்மார்களுக்கு ஒரு வேண்டுகோள் விடுக்கிறோம். பழம் புடவையைக் கொடுக்குமுன் நையாத பகுதியில் ஒரு சாண் வெட்டி வைத்துக்கொள்ளுங்கள். பருத்தியைப் பருத்தியோடும் பட்டைப் பட்டோடும் சேர்த்து வையுங்கள். மெலிந்த பட்டுக்குப் பின்னே மல்துணி வைத்துத் தைத்தால் தாங்கும். அரக்கும் மாம்பழ மஞ்சளும் மயிற்கழுத்தும் மிளகாய்ப்பழச் சிவப்புமாக நம் புடவை நிறங்களைக் கொண்டே உதிர்காலம் ஒன்றை நம் சுவரில் விரிக்கலாம். மேப்பிள் இலைக்கு மாற்றாக அரசிலையோ மாவிலையோ பதிக்கலாம். சிறுவர் துண்டுகளை அடுக்கட்டும், பெரியவர் தைக்கட்டும், இது யாருடைய புடவை என்று பிள்ளைகள் கேட்கும் வினாவுக்கு விடை சொல்லிக்கொண்டே தைக்கட்டும்.

சீலை முடிந்தபின் அதன் பின்புறத்தில் வெள்ளைத் துணியொன்றை வைத்து, எந்தெந்தப் புடவை யாருடையது, எந்த ஊரில் எந்த ஆண்டில் வாங்கியது, தைத்தவர் யார் என்பதைத் தமிழில் நூலால் எழுதி வையுங்கள். சோழமண்டலத்துக் கைவினைஞரின் பெயரை மீட்டுத்தர இனி எவராலும் இயலாது. நம் அன்னையர் பெயரையேனும் எழுதி வைப்பது நம் கையில் இருக்கிறது.